மூலப்பத்திரத்துக்கு முன்னால் என்ன இருந்தது?

சிங்கப்பெருமாள் கோவிலில் மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது பட்டா. அடுத்து வில்லங்கச் சான்று. வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் மூலப்பத்திரத்தையும் கேட்பார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நிலம் மாறிவந்த சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ‘டைட்டில் கிளியர்’ என்று சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மறுபக்கம் ஒரகடம் சாலை, நடுவே ஜி.எஸ்.டி. சாலை. ஒரு தலைமுறைக்கு முன் காணிக் கணக்கிலும் ஏக்கர் கணக்கிலும் பேசப்பட்ட பூமி இன்று சதுர அடியில் விலைபோகிறது. சங்கிலியின் முதல் கண்ணி எப்படி வந்தது, அந்த முதல் ஆளுக்கு நிலத்தைக் கொடுத்தது யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை ஐரோப்பா ஒருமுறை பகிரங்கமாகக் கேட்டது. மனிதர்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, இயற்கை விதி அதை அனுமதிக்கிறதா என்று 1753-ல் பிரான்ஸின் டிஜோன் நகர அகாடமி கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஜெனீவாவில் கடிகாரம் செய்பவரின் மகனாகப் பிறந்த ழான் ழாக் ரூசோ அதற்கு எழுதினார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், 1755-ல் புத்தகமாக வந்த அந்தக் கட்டுரையைத்தான் உலகம் இன்றும் படிக்கிறது. பரிசு வாங்கியவரின் பெயர் ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரியும்.

ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் இந்த விவாதத்தைப் பாரிஸ் வரவேற்பறைகளின் சமாச்சாரமாக நாம் ஒதுக்கிவிட முடியாது. அதே பத்தாண்டுகளில் அதே கேள்வி செங்கல்பட்டுச் சீமையிலும் எழுந்தது. அங்கே அது கட்டுரைப் போட்டியாக வரவில்லை. வரி வசூலாக வந்தது.

ஒரே கேள்வி, மூன்று பதில்கள்

தாமஸ் ஹாப்ஸ் 1651-ல் சொன்ன பதில் எளிமையானது. அரசு இல்லாத நிலையில் ‘என்னுடையது’ என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. அரசன் வந்து பிரித்துக் கொடுத்த பிறகுதான் சொத்து. அடுத்து வந்த ஜான் லாக் இதை மறுத்தார். பூமி எல்லோருக்கும் பொது. ஆனால், ஒருவன் தன் உழைப்பை ஒரு நிலத்தில் கலந்தால் அந்த நிலம் அவனுடையதாகிறது. அரசின் வேலை அந்தச் சொத்தைக் காப்பது.

ரூசோ இருவரையும் புரட்டிப் போட்டார். உடல் வலிமையிலும் வயதிலும் உள்ள வேறுபாடு ஒருவகை. செல்வம், அதிகாரம், மரியாதை ஆகியவற்றில் உள்ள வேறுபாடு இன்னொரு வகை. முதலாவது இயற்கை தந்தது. இரண்டாவது மனிதர்களின் சம்மதத்தால் நிற்பது. ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி முதலில் வேலி போட்டு ‘இது என்னுடையது’ என்றவனின் துணிச்சல் மட்டும் சொத்தை உண்டாக்கிவிடவில்லை, அதை நம்பி ஏற்றுக்கொண்ட அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தே உண்டாக்கினார்கள் என்பது அவர் வாதம். உழவும் இரும்பும் வந்த பிறகு சிலர் சேர்த்தார்கள், பலர் இழந்தார்கள், சண்டை மூண்டது. அப்போது செல்வந்தர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: எல்லோரையும் காக்கச் சட்டம் செய்துகொள்வோம். ஏழைகளும் ஒப்புக்கொண்டார்கள். அன்றுவரை வெறும் கைப்பற்றலாக இருந்தது அன்றிலிருந்து உரிமையாக மாறியது.

ரூசோவின் பலவீனம் அவருக்கே தெரியும். தான் சொல்வது நடந்த வரலாறு அல்ல, ஊகம் என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஐரோப்பாவில் அந்த முதல் வேலிக்குச் சாட்சி இல்லை. செங்கல்பட்டில் காகிதம் இருக்கிறது.

காடு வெட்டிய கதை

1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, சென்னையைச் சுற்றியிருந்த பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதுதான் பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டம். 1767-ல் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் வீடு, நிலம், விளைச்சல், பங்கு எல்லாம் கணக்கில் ஏறின. ஊர்க் கணக்குகள் ஓலைச்சுவடிகளாகவும் எஞ்சின. ரூசோ உயிரோடு இருந்த காலத்தில் நடந்த வேலை இது.

அளந்த பிறகு கம்பெனிக்கு ஒரு சிக்கல். யாரிடம் வரி கேட்பது? நிலத்தின் சொந்தக்காரர் யார்? 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் (மதுராந்தகம் ஏரிக்கரையில் ராமர் காவல் நின்றதைக் கண்டதாக ஊர் இன்றும் கதை சொல்லும் அதே கலெக்டர்) தன் வரித் திட்டத்துக்கு உடன்படாத மிராசுதாரர்களின், அதாவது பரம்பரை நில உரிமையாளர்களின், இடத்தில் வேறு ஆட்களை அமர்த்தத் துணிந்தார். ஹாப்ஸின் வழி அது: கொடுத்தது அரசு, எடுப்பதும் அரசு.

இதற்கு எதிர்நிலையில் நின்றவர் எல்லீஸ் துரை. சென்னைக் கல்விச் சங்கத்தை நிறுவியவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர் என்று நாம் கொண்டாடும் பிரான்சிஸ் ஒயிட் எல்லீஸ்தான். மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய விடைகள் 1818-ல் அச்சாயின. சங்கரய்யா என்ற அதிகாரியின் துணையோடு திரட்டிய மரபுக் கதைகளையும் பழைய சாசனங்களையும் கொண்டு அவர் வந்த முடிவு இது: ஆதொண்டச் சோழன் காலத்தில் குறும்பர்களை வென்று, தொண்டை மண்டலத்தின் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் வேளாளர்கள், ஆகவே காணியாட்சி என்ற அந்த மிராசு உரிமை அவர்களுக்கும் அவர்களிடமிருந்து அதைப் பெற்றவர்களுக்கும் உரிய பழஞ்சொத்து. காடு வெட்டியவனுக்குக் கழனி என்பது லாக்கின் வாதம்தான். வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கதையை அதன் சொல்படியே எடுத்துக்கொண்டாலும் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. கதையின் முதல் வரியிலேயே ஒரு படையெடுப்பு இருக்கிறது. குறும்பர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. காட்டை வெட்டிய கை யாருடையது? தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்ததும் நாற்று நட்டதும் ஏரி மதகைக் காத்ததும் படியாள்கள். பெரும்பாலும் பறையர்கள். அந்தப் படியாள்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதையும் கம்பெனி அதிகாரிகளே பதிவு செய்திருக்கிறார்கள். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்ற விதியை நேர்மையாகப் பொருத்தினால் செங்கல்பட்டின் மிராசு சேரிக்குப் போயிருக்க வேண்டும்.

ஏன் போகவில்லை? லாக்கின் எழுத்திலேயே விடை கிடைக்கிறது. வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் எசமானனின் சொத்தே என்று அதே அத்தியாயத்தில் அவர் எழுதுகிறார். ஆப்பிரிக்க அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவருக்கும் முதலீடு இருந்தது. உழைப்பு உரிமை தரும் என்ற கொள்கை, பிறர் உழைப்பை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்குத்தான் உரிமை தந்தது.

களத்தில் பங்கு இருந்தது

இங்கே ஒரு மறுப்பு வரும். அதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நிலம் விற்பனைச் சரக்காக இல்லை. விளைச்சல் களத்துக்கு வந்ததும் கோயில், ஏரி, கணக்கர், தலையாரி, வெட்டியான், கருமான், வண்ணான், நாவிதன் என ஒவ்வொருவருக்கும் பங்கு அளக்கப்பட்டது. பர்னார்டு காலத்துக் கணக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த தரம்பால் முதலியோர் காட்டிய சித்திரம் இதுதான். ஊர் முழுக்கச் சோறு போட்ட ஓர் ஏற்பாட்டை உடைத்து, ஒருவனை மட்டும் ‘ஓனர்’ ஆக்கியது கம்பெனிதான் என்பார்கள்.

இதில் பாதி உண்மை. கம்பெனி தன் வசதிக்காகப் பல உரிமைகளை ஒரே உரிமையாகச் சுருக்கியது மெய். ஆனால், பங்கு கிடைத்தது என்பதாலேயே பங்குகள் சமம் ஆகிவிடா. வேலையை விட்டுப் போகும் உரிமை இல்லாதவனுக்கு அளக்கும் மரக்கால் நெல், கூலியா கட்டா?

கம்பெனிக்கு வெகுகாலம் முன்பே கல்லில் எழுதியிருக்கிறது. ‘குடவோலை’ என்று பாடநூல்கள் பெருமையோடு சொல்லும் உத்திரமேரூர், இதே தொண்டை மண்டலத்து ஊர். முதலாம் பராந்தகனின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியாகச் சொல்வது என்ன? வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; வேதக் கல்வி இருக்க வேண்டும். அது பிராமண சபையின் விதி. சனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் நல்லது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் தீண்டாச்சேரி தனியாகவும் வருகின்றன. ஏற்றத்தாழ்வைக் கம்பெனி கண்டுபிடித்துவிடவில்லை. இருந்ததை எடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, கோர்ட்டில் செல்லுபடியாகும் உரிமை ஆக்கியது. ரூசோ ஊகித்த அந்த ஒப்பந்தத் தருணம் செங்கல்பட்டில் நடந்தது அப்படித்தான்.

மானிடவியலாளர் டேவிட் கிரேபரும் தொல்லியலாளர் டேவிட் வெங்ரோவும் எழுதி 2021-ல் வெளிவந்த பெரிய நூலில் ரூசோவின் கேள்வியையே மாற்றச் சொல்கிறார்கள். ஏற்றத்தாழ்வுக்கு ஒரே தொடக்கம் கிடையாது; மனிதர்கள் பலவகை ஏற்பாடுகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள்; எப்படி ஒன்றிலேயே சிக்கிக்கொண்டோம் என்று கேளுங்கள் என்கிறார்கள். நமக்குப் பொருந்தும் கேள்வி அது. இங்கே சிக்கவைத்தது பதிவேடு.

இரண்டாவது வேலி

ரூசோ பார்த்தது நிலத்தைச் சுற்றிய வேலி. நம் ஊரில் இன்னொரு வேலியும் உண்டு. அதைப் பற்றிய ஆரம்ப ஆய்வுகளில் கூர்மையான ஒன்றை எழுதியவருக்கு அப்போது 25 வயது. 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றியது. அகமணம்தான் சாதியின் உயிர். ஒரு குழு தன் கதவை அடைத்துக்கொண்டது, அதைப் பார்த்து மற்றவை அடைத்துக்கொண்டன, சிலவற்றின் முகத்தில் கதவு அடைக்கப்பட்டது என்பது அவர் வாதம். அந்தக் கதவைக் காக்க முதலில் பூட்டப்பட்டவள் பெண் என்பதையும் அவர் விளக்கினார். ரூசோவுக்குப் பெண் கண்ணில் படவே இல்லை. ஆணுக்கு அடங்கி நடக்கும்படி அவளை வளர்க்கச் சொன்னவர் அவர். 1792-ல் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவரோடு சண்டையிட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் அம்பேத்கர் பின்னாளில் தெளிவாக்கினார். ரூசோவின் சித்திரத்தில் இரு தரப்புதான்: உள்ளவர், இல்லாதவர். சாதியில் படிகள் உண்டு. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் ஒவ்வொரு படிக்கும் கிடைப்பதால், மேலே இருப்பவரை எதிர்க்க எல்லோரும் சேர்வதில்லை. ஏழைகள் ஏன் ஏமாந்தார்கள் என்ற ரூசோவின் புதிருக்கு இந்திய விடை இது.

இரண்டு வேலிகளையும் ஒரே மேடையில் எதிர்த்த கூட்டம் செங்கல்பட்டில்தான் நடந்தது. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்றது. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்றது. தலைமை வகித்த சௌந்தரபாண்டியனார் அதற்குப் பிறகு தன் பெயரோடு நாடார் என்று போட்டுக்கொள்ளவில்லை. சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆனது. 60 ஆண்டுகள்.

ஒரு கலெக்டரின் குறிப்பு

மூலப்பத்திரத்துக்கு முன்னால் போய்ப் பார்த்த ஓர் அரசு ஆவணமும் செங்கல்பட்டிலிருந்தே கிளம்பியது. 1891-ல் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அடிமை முறையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் படியாள் ஏன் படியாளாகவே இருக்கிறான்? அவர் கண்ட காரணங்கள் எல்லாம் காகிதத்தில் இருந்தன. அவன் குடிசை இருக்கும் மனையே மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். அரசுத் தரிசைத் தர்க்காஸ்து போட்டுக் கேட்டால் மிராசுதாரருக்குத்தான் முன்னுரிமை. வாங்கிய கடன் தலைமுறையைக் கட்டிப்போடும். பள்ளிக்கூடம் சேரிக்கு வராது.

அந்தக் குறிப்பு வானத்திலிருந்து விழவில்லை. ஆடம் ஆண்ட்ரூ போன்ற ஸ்காட்லாந்து மிஷனரிகள் மனு மேல் மனு போட்டார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மெல்ரோசாபுரம், அந்த ஆண்ட்ரூ நிலமற்றவர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர். அயோத்திதாசப் பண்டிதர் 1891-ல் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார்.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்க வழிசெய்த அந்த ஆணையிலிருந்து பிறந்தவைதான் பஞ்சமி நிலங்கள். ஒப்படைத்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது. பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பவை நிபந்தனைகள். சென்னை மாகாணத்தில் இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

சட்டம் எப்போதும் பணக்காரன் பக்கம்தான் என்ற ரூசோவின் அவநம்பிக்கைக்கு இந்த ஆணை ஒரு மறுப்பு. அதற்குப் பின் நடந்ததோ அவர் பக்கம் சாய்கிறது. கடனுக்காகவும் மிரட்டலுக்காகவும் நிலங்கள் கைமாறின. 1980-களின் நில ஆவண மேம்பாட்டுப் பணியில் தாழ்த்தப்பட்டோர் நிலம் என்பதைக் காட்டும் ‘டி.சி.’ என்ற குறிப்பே பல ஊர்ப் பதிவேடுகளிலிருந்து காணாமல் போனது என்ற புகார் இன்றும் தீரவில்லை. செங்கல்பட்டுப் பகுதியின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அவர்கள் கேட்டது புதிய சலுகை எதையும் அல்ல, நூறாண்டுக்கு முன் அரசே போட்ட ஆணையின் அமலாக்கத்தை.

இன்று யாரை எண்ணுகிறோம்?

நிலம் நெல்லாக இருந்தவரை மறைந்திருந்த கேள்வி, நிலம் பணமானதும் பட்டவர்த்தனமாகிவிட்டது. தொழிற்பூங்காவுக்கும் சாலைக்கும் நிலம் எடுக்கும்போது பட்டா உள்ளவருக்கு இழப்பீடு வருகிறது. அதே வயலில் வாழ்நாளெல்லாம் கூலிக்கு நின்றவர், புறம்போக்கில் மாடு மேய்த்தவர், ஏரியில் மீன் பிடித்தவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலி, குத்தகைதாரர் குடும்பங்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றது. சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது. அப்படிப்பட்டவர்கள் யார், எத்தனை பேர் என்று எண்ணும் இடம் அந்த ஆய்வுதான்.

தமிழ்நாடு என்ன செய்தது? 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான கையகப்படுத்தல் சட்டம், 2001-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை மத்திய சட்டத்தின் நடைமுறைக்கு வெளியே நிறுத்திக்கொண்டது. 2019 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டிலேயே மாநிலம் புதிய சட்டம் கொண்டுவந்து மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டுத் தொகையை மத்திய சட்டத்தின்படி உயர்த்திக் கொடுத்தோம் என்று அரசு சொல்லலாம். எண்ணும் ஆய்வு இல்லாமல் உயர்த்திய தொகை, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தானே போகும்? சமூகநீதியைக் கொள்கையாகச் சொல்லும் இரு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்ட மாநிலம் இது.

பழைய தவறுக்கு இன்று வாங்கியவர் பொறுப்பா என்று கேட்பார்கள். கடன் வாங்கி ஒரு கிரவுண்டு வாங்கிய நடுத்தரக் குடும்பத்தின் மேல் கைவைக்கச் சொல்லவில்லை. பொறுப்பு பதிவேட்டை வைத்திருப்பவருடையது, அதாவது அரசுடையது. நான் கேட்பவை நான்கு. பஞ்சமி நிலங்களின் பழைய ‘ஏ’ பதிவேடுகளை ஊர்வாரியாக இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அந்தச் சர்வே எண்களைப் பத்திரப் பதிவிலேயே தடுத்து நிறுத்துங்கள். கைமாறியதற்கு ஈடாக அதே வட்டத்தில் நிலமோ மனையோ கொடுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும், எடுப்பதற்கு முன் நிலமற்றவர்களை எண்ணுங்கள்.

1892-ல் ஓர் அந்நிய அரசு, ஒரு கலெக்டரின் குறிப்பைப் படித்து ஓராண்டுக்குள் ஆணை போட்டது. வாக்குப் போட்டு நாம் அமர்த்திய அரசுகளுக்கு அந்த ஆணையை அமல்படுத்தும் துணிவு இன்னும் வரவில்லை. வரும் தேர்தலில் வாசல் தேடி வருகிற வேட்பாளரிடம், உங்கள் ஊரின் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.